மிளகாயும் மணவறையும்: சமகாலக் கலைக் கண்காட்சியைப் பார்ப்பது எப்படி?

நம் கழக நண்பர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை திரைப்படம் பார்த்தீர்கள்? விரல்விட்டு எண்ண முடியாது என்பார்கள். எத்தனை கலைநிகழ்ச்சிகளுக்குச் சென்றீர்கள்? தீபாவளி இரவு, பொங்கல் விழா, பட்டிமன்றம் என்று நான்கைந்தாவது தேறும். எத்தனை கலைக் கண்காட்சி? பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். “அதெல்லாம் நமக்குப் புரியாது” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஜொகூர் பாருவில் வாழும் நமக்குக் கோலாலம்பூரின் தேசியக் கலைக்கூடம் நான்கு மணி நேரப் பயணம். தென்கிழக்காசியாவின் பெரிய கலை அருங்காட்சியகங்கள் சிலவோ பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். இருந்தும் நாம் போவதில்லை. புரியாது என்ற அந்த எண்ணம் சரிதானா என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கவிருக்கிறேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். தமிழ்ப்பள்ளியில் ஓவியப் பாடம் என்றால் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வண்ணத்தில் தோய்த்து, தாளில் அச்சுக் குத்துவது. நம்மில் பலருக்கும் அந்த அனுபவம் இருக்கும். இடைநிலைப்பள்ளியில் காட்சிக்கலைப் பாடத்தின் கலைச்சொற்கள் அனைத்தும் மலாயில் வந்தன. சிற்பத்துக்கு மலாய்ச் சொல் ‘ஆர்ச்சா’. கோயிலில் நாம் சொல்லும் அர்ச்சனையும் அந்த ஆர்ச்சாவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. நானாக அகராதி புரட்டியபோது தெரிந்தது. ஆக, கலையைப் பற்றிப் பேச எனக்கு மலாய் உண்டு, ஆங்கிலம் உண்டு. தமிழில் வெண்டைக்காயோடு நின்றுவிட்டது!

‘இதுவும் கலையா?’

நவீனக் கலை, சமகாலக் கலை ஆகிய இரண்டையும் நாம் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். பொதுவாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1960கள் வரையிலான புதுமை முயற்சிகளை நவீனக் கலை என்றும், அதற்குப் பிறகு இன்றுவரை உருவாகிவருவதைச் சமகாலக் கலை என்றும் வழங்குகின்றனர். கோடு தெளிவானதன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நவீன ஓவியர் எப்படி வரைவது என்ற கேள்வியோடு மல்லுக்கட்டினார். சமகாலக் கலைஞரோ வரையத்தான் வேண்டுமா என்பதிலிருந்தே தொடங்குகிறார்.

இக்கேள்வியின் ஆதி வடிவம் 1917இல் நியூயார்க்கில் எழுந்தது. மார்செல் துஷாம் கடையில் விற்கும் சிறுநீர்க் கலம் ஒன்றை வாங்கி, அதில் புனைபெயரில் கையொப்பமிட்டு, ‘நீரூற்று’ என்று பெயர் சூட்டிக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஏற்பாட்டாளர்கள் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தனர். இன்று கலை வரலாற்று நூல் எதுவும் அதைத் தவிர்த்துவிட்டு எழுதப்படுவதில்லை.

அண்மைய உதாரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டலான் 2019இல் மயாமி கலைச்சந்தையில் ஒரு வாழைப்பழத்தைச் சாம்பல்நிற டேப்பால் சுவரில் ஒட்டி வைத்தார். விலை 120,000 அமெரிக்க டாலர். அதே படைப்பின் ஒரு பிரதி 2024 நவம்பரில் ஏலத்தில் கட்டணங்களோடு சேர்த்து 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் அந்தப் பழத்தைச் செய்தியாளர்கள் முன்னிலையில் உரித்துத் தின்றார். ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழ நகைச்சுவையில் வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதன்று என்று நண்பன் ஒருவன் சொன்னான். வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதில் இருக்கிறது. வாங்கியவருக்குக் கிடைத்தது பழமன்று. ஒரு சான்றிதழும், பழத்தை எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும்தான். பழம் அழுகினால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். அங்கே விற்பனையானது ஓர் எண்ணம். அந்த எண்ணத்துக்கு அவ்வளவு விலை தகுமா என்றால், தகாது என்பேன் நான். ஆனால் விலை வேறு, கலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சமகாலக் கலை என்றாலே ஏமாற்று என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. 1974இல் ரெட்சா பியாடாசா, சுலைமான் ஏசா ஆகிய இருவரும் கோலாலம்பூர் டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவில் ஒரு கண்காட்சி நடத்தினர. அங்கே ஓவியம் எதுவும் இல்லை. குடித்து மீதம் வைத்த கோக்கோ கோலா புட்டிகள், பறவை திறந்துவிடப்பட்ட வெறுங்கூண்டு, எரிந்து முடிந்த கொசுவத்தி, முடிதிருத்தும் கடையில் சேகரித்த முடி என அன்றாடப் பொருள்களே காட்சிக்கு வைக்கப்பட்டன. பொருளைப் பார்க்காதே, அது கடந்துவந்த காலத்தை நினை என்பது அவர்களுடைய வாதம். மேற்கத்தியச் சிந்தனையை விட்டுக் கிழக்கத்திய ஞானத்தின் வழியில் கலையைத் தேடுவதாக அறிக்கையும் வெளியிட்டனர். கவிஞர் சாலே பென் ஜோனட் அந்தக் கண்காட்சியிலேயே சிறுநீர் கழித்துத் தம் விமர்சனத்தைத் தெரிவித்தார். மறு ஆண்டு அதற்கு விளக்கமாக ‘டேவான் சாஸ்திரா’ இதழில் ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார். துஷாமின் கலத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து போன பதில் என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு ஓராண்டு முன்பே, 1973இல், ‘மனிதனும் அவன் உலகும்’ என்ற தலைப்பில் தேசியக் கலைக்கூடம் நடத்திய போட்டியில் சுலைமான் ஏசாவோடு முதன்மைப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஒரு பெண்மணி. பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம். கட்டுமான இடங்களில் எடுத்த நிழற்படங்களையும் அங்கே கிடந்த குப்பையையும் அவர் காட்சிப்படுத்தியிருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சுற்றுச்சூழல் சீர்கேட்டைக் குப்பையைக் கொண்டே பேசவைத்தவர் அவர். நம் பாடநூல்களில் அவர் பெயரை நான் கண்டதில்லை.

பாலம் கடந்தால்

இனி அண்டையில் இருப்பதைப் பார்ப்போம். லார்க்கினில் 170 எண் பேருந்தில் ஏறினால் அது குவீன் ஸ்திரீட் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருந்து சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்துக்கு நடந்தே போகலாம். வழியில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வரும். பக்கத்திலேயே குவான் இம் சீனக் கோயில். 2006இல் முதல் சிங்கப்பூர் பியனாலே ‘நம்பிக்கை’ என்ற கருப்பொருளில் நடந்தபோது இவ்விரு கோயில்களும் காட்சியிடங்களாக இருந்தன. பியனாலே என்பது ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு நகரமே கண்காட்சியாக மாறும் ஏற்பாடு. வெனிஸில் 1895இல் தொடங்கிய இம்மரபு, கேரளத்தின் கொச்சிக்கு 2012இல் வந்து சேர்ந்தது.

அரும்பொருளகத்தின் முன்புல்வெளியில் ஒரு பெரிய வெண்கல மிளகாய் இருக்கிறது. ‘பெடாஸ் பெடாஸ்’ என்று பெயர். 2006ஆம் ஆண்டுப் படைப்பு. செய்தவர் குமாரி நாகப்பன். 1953இல் கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்பவர். சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் இருக்கும் ‘சாகா’ விதைச் சிற்பமும், ஆர்ச்சர்ட் சாலையில் இருக்கும் சாதிக்காய்ச் சிற்பமும் இவருடையவையே. சாகா என்று மலாயில் சொல்வது நம் மஞ்சாடி. பள்ளித்திடலில் நாம் பொறுக்கிக் காற்சட்டைப் பையில் நிரப்பிக்கொண்ட அதே சிவப்பு விதை. முற்காலத்தில் பொற்கொல்லர்கள் அதை எடைக்கல்லாகப் பயன்படுத்தினர். 2013 பியனாலேயில் குமாரி நாகப்பன் அந்த விதைகளை டன் கணக்கில் குவித்து ஒரு படைப்பு செய்திருந்தார். ஒரு விதையைப் பார்ப்பது வேறு, ஓர் அறை நிறைய விதையைப் பார்ப்பது வேறு. அளவை மாற்றினால் பொருளும் மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாத கடுகை மலையளவு காட்டுவது சமகாலக் கலைஞர்கள் அடிக்கடி கையாளும் வழி.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். அப்பா பதினெட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறார். விடியற்காலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இரவு எட்டுக்கு வருவார். இத்தனை ஆண்டுகளில் ஓர் அரும்பொருளகத்துக்குள்ளும் அவர் காலடி வைத்ததில்லை. மிளகாயை இருமுறை சுற்றிவந்தார்.

“எவ்ளோ கனம் இருக்கும்?”

“தெரியலப்பா.”

“உள்ளுக்குக் கூடாத்தான் இருக்கணும். இல்லன்னா அடித்தளம் தாங்காது. ஜாயிண்ட் எங்க போட்டான்னே தெரியல பாரு. நல்லா கிரைண்ட் பண்ணியிருக்கான்.”

கலை நூல்களில் இதைப் ‘பொருளும் செய்முறையும்’ என்று தலைப்பிட்டு விளக்குவார்கள். ஒரு படைப்பின் முன் நின்று முதலில் கேட்க வேண்டியதே அதுதான்: எதனால் ஆனது, எப்படிச் செய்தார்கள், எவ்வளவு பெரிது, ஏன் இங்கே வைத்திருக்கிறார்கள்? என்ன பொருள் என்ற கேள்வி கடைசியில் வரட்டும். பட்டம் படிக்கும் நாம் சுவரில் இருக்கும் விளக்கப் பலகையைத் தேடி ஓடுகிறோம். அப்பா பலகையைப் பார்க்கவேயில்லை.

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கண்காட்சியில் எது இருக்க வேண்டும், எதன் பக்கத்தில் எது வர வேண்டும் என்று தீர்மானிப்பவரைக் கியூரேட்டர் என்கிறோம். காட்சிப் பொறுப்பாளர் என்று தமிழில் சொல்லலாம். பலகையில் இருப்பது பெரும்பாலும் அவருடைய அல்லது அவர் குழுவினருடைய வாசிப்பு. அது உதவும், ஆனால் அதுவே முடிந்த முடிபன்று. முதலில் ஐந்து நிமிடம் படைப்பைப் பாருங்கள். பிறகு பலகையைப் படியுங்கள். மீண்டும் ஒருமுறை படைப்பைப் பாருங்கள். தனியார் காட்சிக்கூடங்களுக்குப் போகவும் தயங்க வேண்டாம். அங்கே படைப்புகள் விற்பனைக்கு இருந்தாலும் பார்க்கப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, வாங்கச் சொல்லி யாரும் பின்னால் வரமாட்டார்கள். சிங்கப்பூர் அருங்காட்சியகங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கும் நமக்கு அது சுடத்தான் செய்யும். எனவே, போவதற்கு முன் இலவச நுழைவு நாள்களை விசாரித்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூர் கலை அருங்காட்சியகம் 2022 முதல் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்குக் கட்டடத்தில் இயங்கிவருகிறது. வெளியே கொள்கலன்கள், உள்ளே கலை. பளிங்குத் தரையைக் கண்டாலே கூசுபவர்களுக்கு அந்த இடம் பிடிக்கும்.

ஜொகூர் பாருவிலேயே பார்க்க ஒன்றுமில்லையா என்று கேட்பீர்கள். ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் இருக்கிறதே! 1922இல் சிறு கோயிலாகத் தொடங்கியது. 2009 வாக்கில் சுவரும் தூணும் கூரையும் ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டன. அதைச் சமகாலக் கலை என்று எந்தக் கியூரேட்டரும் சொல்லமாட்டார். கோயில் நிர்வாகமும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால், உள்ளே நடக்கும்போது நம் உருவமே ஆயிரம் துண்டாகச் சிதறித் தெரிகிறதே, அந்த அனுபவத்துக்காக உலகின் பெரிய கலைக்கூடங்களில் மக்கள் வரிசை பிடித்து நிற்கிறார்கள். எனக்கு இதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ம-ண-வ-றை

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய படைப்புக்கு இப்போது வருகிறேன். ஜெ. அனுரேந்திரா ஜெகதேவா 1965இல் ஜொகூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியினர். சட்டம் பயின்று, ஓவியரானவர். 2001இல் அவர் ஓர் ஓவியத் தொடருக்கு வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘ஓடும் இந்தியர்களும், 25 தேய்வழக்குகளில் மலேசிய இந்தியர் வரலாறும்’ என்று வரும். தேய்வழக்கு என்பது சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு. மலேசிய இந்தியரைப் பற்றிப் பிறர் சொல்லும் தேய்வழக்குகள் உண்டு, நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தேய்வழக்குகளும் உண்டு. இருபத்தைந்து போதுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

2012 முதல் 2014 வரை அவர் உருவாக்கிய படைப்பு ஒன்று, 2015இல் சிங்கப்பூர் கலை அருங்காட்சியகத்தின் ‘கற்பனைப் பொன்னுலகுக்குப் பின்’ என்ற பொருள்படும் கண்காட்சியில் இடம்பெற்றது. அப்போது நான் ஆறாம் ஆண்டு மாணவன், யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதை நிழற்படத்தில் கண்டேன். பார்த்ததும் வியப்பு. நம் கல்யாண மண்டபங்களில் நிற்கும் அதே மணவறை! அதில் ஓவியங்களைப் பதித்து, அருங்காட்சியகத்தின் நடுவே நிறுத்தியிருந்தார். இப்படி ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பதை நிறுவல் கலை என்பார்கள்.

தலைப்பை உரோமன் எழுத்தில் நான்கு துண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார். ம, ண, வ, றை. முதலாம் ஆண்டில் ஆசிரியை கரும்பலகையில் எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லித்தருவாரே, அப்படி. அதன்பின் துணைத் தலைப்பு வருகிறது. பெரும் விவாதத்தின் காலத்தில் காதல், இழப்பு, திருமணத்துக்கு முந்திய ஒப்பந்தம் என்பது அதன் சாரம்.

இங்கேதான் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு கதவு கூடுதலாகத் திறக்கிறது. ஆங்கிலத்தில் இதைத் திருமண மேடை என்ற பொருளில்தான் சொல்ல முடியும். தமிழில் அது மேடையன்று, அறை. மணம் செய்யும் அறை. நான்கு தூணும் ஒரு விதானமும்தான்; சுவரில்லை, கதவில்லை, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். ஆனாலும் நாம் அதை அறை என்கிறோம். எல்லாரும் பார்க்கும் ஓர் அறைக்குள் இருவர் அமர்ந்து, வாழ்நாள் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். அதுவும் நம் ஊர்களில் அந்த அறை வாடகைக்கு வருவது. காலையில் லாரியில் வந்து இறங்கும், மாலைக்குள் கழற்றி அடுத்த மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

பெரும் விவாதம் எது என்று தலைப்பில் இல்லை. 2012க்கும் 2014க்கும் இடையில், 2013 மே 5ஆம் நாள், இந்நாட்டில் 13ஆவது பொதுத்தேர்தல் நடந்தது. யாருக்கு இந்நாட்டில் என்ன இடம் என்ற பேச்சு வீட்டிலும் கடைத்தெருவிலும் ஓயாமல் கேட்ட காலம் அது. மணமக்கள் யார், இந்த மணத்துக்கு முன் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் எது, அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் இந்த மணவறை என்னைக் கேட்கிறது. இது என் வாசிப்பு மட்டுமே. நீங்கள் வேறொன்று காணலாம். உங்கள் அம்மா உடனே தூணின் வேலைப்பாட்டைப் பற்றிக் கேட்கலாம்.

அயல்மொழிக் கண்ணுக்கு இது அழகான ஓர் இந்தியப் பொருள். நமக்கோ அதன் வாடகை தெரியும், அதில் அமர்ந்தபோது அக்காவின் கை நடுங்கியது தெரியும். இந்த அறிவு எந்த விளக்கப் பலகையிலும் இல்லை. நாம் போய்ப் பார்த்து, நம் மொழியில் எழுதாதவரை அது எங்கும் பதிவாகப் போவதுமில்லை. சையத் தாஜுடின் என்ற ஓவியரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்ற காலத்தில், 1972இல், இராமாயணத்தைப் பொருளாகக் கொண்டு மாபெரும் ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அது நம் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் ஒருவர் வரைந்த இராமாயணம்! கம்பனைப் பற்றி ஆண்டுதோறும் ஆய்வுக்கட்டுரை எழுதும் நம் தமிழ்த்துறை மாணவர்களில் எத்தனை பேர் அதன் முன் நின்றிருப்பார்கள்?

நாம் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை இங்கே முன்வைக்கிறேன். கண்காட்சிக்குப் போகும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரே ஒரு படைப்புக்குத் தமிழில் ஐம்பது சொல்லுக்குள் ஒரு விளக்கப் பலகை எழுதிப் பார்க்கலாம். கலைச்சொல் தெரியவில்லையென்றால் எளிய சொல்லில் எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தது இது:

மணவறை. ஜெ. அனுரேந்திரா ஜெகதேவா, 2012–2014. ஓவியங்கள் பதித்த திருமண மணவறை. சுவரில்லாத இதற்கு அறை என்று பெயர். இங்கே மணமக்கள் இல்லை. பெரும் விவாதம் நடந்த காலத்தில், ஜொகூரில் பிறந்த ஒருவர் இதைக் கட்டினார். உள்ளே யார் அமரலாம் என்பதை வெளியே நிற்பவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.